வானத்தில் ஏதாவது நடந்தால் அது உங்கள் கண்ணில் பட வேண்டும்

2019 கடைசியில் ஆரம்பித்து 2020 பிப்ரவரி வரைக்கும் திருவாதிரை நட்சத்திரம் மங்கிக்கொண்டே வந்தது. வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் தோளில் சிவப்பாக எரிகிறதே, அதுதான். பெட்டல்ஜூஸ் என்றும் சொல்வார்கள். வழக்கமாக வானத்தின் பிரகாசமான முதல் பத்து நட்சத்திரங்களுக்குள் வந்துவிடும். அந்தப் பிப்ரவரியில் தன் வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் மிச்சமிருந்தது. எதிர்த் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நட்சத்திரம் கக்கிய தூசு மேகம் ஒன்று நம் பார்வைக்குக் குறுக்கே வந்ததுதான் முக்கியக் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இதைப் பார்க்க டெலஸ்கோப் தேவைப்படவில்லை, வெறும் கண் போதும். ஆனால் அன்றைக்கு அண்ணாந்து பார்த்த பெரும்பாலானவர்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது, ஏனென்றால் அது முன்னால் எப்படி இருந்தது என்பதை அவர்கள் பார்த்து வைத்திருக்கவில்லை. நான் பல வருடமாக ஓரியனைப் பார்த்துப் பழகியிருந்தேன். தெரிந்த முகத்தில் ஒரு பல் விழுந்தால் எப்படிச் சட்டென்று தெரியுமோ, அப்படித் தெரிந்தது.

அதனால் வானம் பார்க்க ஆரம்பிக்கிறேன், என்ன செய்யட்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் நிகழ்வுகளின் தேதிப் பட்டியலைக் கொடுப்பதில்லை. டெலஸ்கோப் எது நல்லது என்றும் சொல்வதில்லை. ஒன்றும் நடக்காத சாதாரண வானத்தை முதலில் பழகிக்கொள்ளுங்கள், ஒரு மாதம் போதும், அதற்கப்புறம் நடக்கிறதெல்லாம் தானாகவே கண்ணில் படும். அந்த ஒரு மாதம் எதையும் வாங்கவும் வேண்டாம்.

கண்ணுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

வெளிச்சமான அறையிலிருந்து வெளியே வந்து, இரண்டு நிமிடம் மேலே பார்த்து, நாலைந்து நட்சத்திரம்தான் தெரிகிறது என்று உள்ளே போய்விடுகிறவர்கள்தான் அதிகம். கண்ணின் பாவை விரிய சில நொடிகள் போதும். ஆனால் விழித்திரையில் இருட்டில் வேலை செய்யும் செல்களில் ரோடாப்சின் என்கிற நிறமி மறுபடி சேர வேண்டும், அதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் வானம் மெல்ல மெல்ல நிரம்புவதைப் பார்ப்பதே ஒரு அனுபவம். முதலில் பெரிய நட்சத்திரங்கள், அப்புறம் அவற்றுக்கு நடுவே சின்னது, அதற்கும் நடுவே இன்னும் சின்னது. நடுவில் ஒரே ஒருமுறை போனை எடுத்துத் திரையைப் பார்த்தீர்களென்றால் போச்சு, மறுபடி ஆரம்பத்திலிருந்து. வெளிச்சம் தேவைப்பட்டால் மங்கலான சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டினாலே போதும். அந்தச் செல்கள் சிவப்பொளியை அதிகம் உணர்வதில்லை.

இன்னொரு பழக்கமும் வேண்டும், இது கொஞ்சம் விநோதமாக இருக்கும். மங்கலான ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதை நேராகப் பார்க்கக் கூடாது. விழித்திரையின் நட்டநடுவில் இருட்டுச் செல்கள் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால் பார்வையைச் சற்றுப் பக்கத்தில் நிறுத்தி, கவனத்தை மட்டும் அந்த மங்கல் பொருளின் மேல் வையுங்கள். ஓரியனின் இடுப்புப் பட்டைக்குக் கீழே தொங்கும் வாளில் ஒரு புகைத் திட்டு உண்டு, சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் நெபுலா அது. நேராகப் பார்த்தால் சுருங்கிப் போகும், பக்கத்தில் பார்த்தால் விரியும். நாலு முறை மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள், பிடிபட்டுவிடும்.

நகர வெளிச்சத்தில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். நிலவு, கோள்கள், கிரகணம், விண்வெளி நிலையம், பெரிய நட்சத்திரங்கள் எதற்கும் நகர வெளிச்சம் தடையில்லை. பால்வீதிக்கும் எரிநட்சத்திரங்களுக்கும்தான் ஊரைத் தாண்டிப் போயாக வேண்டும். தெருவிளக்கு நேரடியாகக் கண்ணில் படாமல் ஒரு சுவரின் மறைவில் நின்றாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

88 நட்சத்திரக் கூட்டங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி போகலாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் மாலை வானத்தில் ஓரியனைவிட நல்ல வாசல் கிடையாது. நேர்வரிசையில் மூன்று நட்சத்திரம், அதுதான் பட்டை. அந்த வரிசையை ஒரு பக்கம் நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் வரும், 8.6 ஒளியாண்டு தூரம்தான், நம் பக்கத்து வீடு. மறுபக்கம் நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி, அதையும் தாண்டிப் போனால் கொத்தாக கார்த்திகை. கார்த்திகையில் உங்களுக்கு எத்தனை தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள், ஆறு தெரிந்தால் உங்கள் வானம் பரவாயில்லை. ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை என்றால் சப்தரிஷி மண்டலத்தின் வாலை அது வளைகிற போக்கிலேயே நீட்டுங்கள், சுவாதிக்குக் கொண்டுபோய் விடும், இன்னும் நீட்டினால் சித்திரை. அந்த வாலின் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டிக்கொண்டு சின்னதாக இருப்பது அருந்ததி. இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால் உங்கள் கண் நன்றாக இருக்கிறது. தென்கோளத்தில் வெகுதூரம் தெற்கே இருப்பவர்களுக்கு சப்தரிஷி சரியாக வராது, அவர்களுக்குத் தென்சிலுவை இருக்கிறது.

தூரத்தை அளக்கக் கையே கருவி. கையை முழுசாக நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலம் சுமார் 1 டிகிரி, நடு மூன்று விரல்கள் சேர்ந்தால் 5, மூடிய கைமுட்டி 10. குழந்தைகளுக்குக் கை சின்னது என்றாலும் நீளமும் குறைவு என்பதால் கணக்கு கிட்டத்தட்ட அதேதான் வரும். நிலவின் அகலம் வெறும் அரை டிகிரி, அதாவது பாதிச் சுண்டுவிரலில் மறைந்துவிடும். யாரும் முதலில் நம்புவதில்லை, மறைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

அப்புறம் நேரம். வானம் மணிக்கு 15 டிகிரி மேற்கே நகர்கிறது, ஒன்றரைக் கைமுட்டி. அதோடு ஒவ்வொரு நட்சத்திரமும் தினம் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். இன்றிரவு பத்து மணிக்குப் பார்க்கிற வானம் அடுத்த மாதம் இதே தேதியில் எட்டு மணிக்கே வந்து நிற்கும். இதை ஒருமுறை கண்ணால் உணர்ந்துவிட்டால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது பள்ளிப் பாடமாக இல்லாமல் உங்கள் காலடியில் நடக்கிற விஷயமாகிவிடும்.

பெயர்களைச் சரிபார்க்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் நன்றாக இருக்கும். ஆனால் வெளியே நிற்கும்போது அதைத் திறக்காதீர்கள். முன்னாலேயே பார்த்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து சரிபாருங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது, என்ன பார்த்தேன், இவ்வளவு எழுதினால் போதும். படம் வரைய வராது என்பவர்களும் நாலு புள்ளி வைக்கலாம். அந்த நாலு புள்ளிக்கு என்ன மதிப்பு என்று வியாழனிடம் வரும்போது சொல்கிறேன்.

நிலவை முழுநிலவில் பார்க்காதீர்கள்

நிலவின் மேடுபள்ளங்களைப் பார்க்க பௌர்ணமிதான் மிக மோசமான நாள். சூரியன் நேராக அடிப்பதால் நிழலே இருக்காது, எல்லாம் வெள்ளைத் தட்டுப் போலத் தட்டையாகிவிடும். வளர்பிறையில் நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைக்கும் பாருங்கள், அதுவும் ஒளியும் இருளும் சந்திக்கிற கோட்டை ஒட்டி. அங்கேதான் சூரியன் இப்போதுதான் உதித்துக்கொண்டிருக்கிறது, சின்ன மேடுகூட நீளமான நிழலைப் போடும்.

முதல்முறையாக அந்தக் கோட்டில் ஒரு மணி நேரம் நின்ற இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அரை நிலவு தாண்டி இரண்டு நாள், சின்ன டெலஸ்கோப், 50 மடங்கு உருப்பெருக்கம். கோட்டுக்கு அந்தப் பக்கம், முழு இருட்டுக்குள்ளே, எதோடும் ஒட்டாமல் ஒரு வெள்ளைப் புள்ளி. லென்ஸில் தூசு என்று நினைத்து டெலஸ்கோப்பை லேசாக நகர்த்தினேன், புள்ளியும் நிலவோடு சேர்ந்து நகர்ந்தது. இருபது நிமிடம் கழித்து அது ஒரு கோடாக நீண்டிருந்தது, பக்கத்தில் இன்னொரு புள்ளி. அப்போதுதான் புரிந்தது, நான் பார்ப்பது ஒரு மலையுச்சி. அடிவாரம் இன்னும் இரவில் கிடக்க, உச்சியில் மட்டும் வெயில் பட்டிருக்கிறது. வேறொரு உலகத்தின் விடியற்காலையை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிலவின் நடுக்கோட்டில் அந்த விடியல் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, சைக்கிள் மிதிக்கிற வேகம். அதே இரவில் கோட்டை ஒட்டி கோபர்னிகஸ் பள்ளம் கிடைக்கும், 93 கிலோமீட்டர் அகலம், படிப்படியாக இறங்கும் சுவர்கள், நடுவில் மலைகள்.

மூன்றாம் பிறையன்று எந்தக் கருவியும் வேண்டாம். மெல்லிய பிறைக்கு நடுவே மிச்ச நிலவும் சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரியும். அது பூமியிலிருந்து பட்டுத் திரும்பும் வெளிச்சம். சூரியனிலிருந்து பூமிக்கு வந்து, நிலவுக்குப் போய், மறுபடி உங்கள் கண்ணுக்கு வந்திருக்கிறது.

முதலில் பைனாகுலர்

ஒரு மாதம் கழித்து ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 20 மடங்கு என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், கையில் பிடித்தால் நட்சத்திரம் புழுப்போல நெளியும். 10 மடங்குக்கே முழங்கையைச் சுவரில் ஊன்ற வேண்டும், ஸ்டாண்டில் பொருத்தினால் இன்னும் நல்லது. சாய்ந்து படுக்கிற நாற்காலி ஒன்று இருந்தால் கழுத்து தப்பிக்கும். பகலில் சூரியன் இருக்கும் பக்கமே பைனாகுலரைத் திருப்பக் கூடாது, ஒரு நொடி போதும் கண் போவதற்கு.

அதை முதலில் வியாழனுக்குத் திருப்புங்கள். மினுக்காமல் நிதானமாக எரியும் வெள்ளைப் பொட்டு. அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் ஊசிமுனை மாதிரி இரண்டு, மூன்று, சில இரவில் நாலு புள்ளிகள். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ இதே புள்ளிகளைப் பார்த்துத்தான் நோட்டில் குறித்தார், முதல் நாள் மூன்றுதான் தெரிந்தது, நட்சத்திரம் என்றே நினைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறியதைக் கண்ட பிறகுதான் எல்லாம் பூமியைத்தான் சுற்றுகிறது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதனால்தான் நோட்டில் புள்ளி வைக்கச் சொன்னேன். நடுவில் ஒரு வட்டம், பக்கத்தில் தெரிகிற புள்ளிகள், கீழே தேதி. தொடர்ந்து நாலைந்து இரவு இப்படி வரைந்து ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அவை வியாழனின் நிலவுகள்; உள்ளே இருக்கும் அயோ 42 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சுற்று முடித்துவிடும், வெளியே இருக்கும் காலிஸ்டோவுக்கு 16.7 நாள். யாரும் சொல்லாமல், உங்கள் சொந்தப் புள்ளிகளிலிருந்து, அங்கே ஏதோ சுற்றுகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அந்தக் கணத்துக்காகவாவது செய்து பாருங்கள்.

டெலஸ்கோப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பெட்டியில் 500 மடங்கு, 675 மடங்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். முன் லென்ஸோ கண்ணாடியோ எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்தின் உச்ச வரம்பு. 60 மில்லிமீட்டர் கருவியில் 120 தாண்டினால் பெரிய மங்கல்தான் கிடைக்கும். முக்கியமானது விட்டம், அதற்கடுத்து ஆடாத தாங்கி. என்னைக் கேட்டால் 150 அல்லது 200 மில்லிமீட்டர் டாப்சோனியன். ஒளியைக் குவிக்கும் கண்ணாடி பொருத்திய குழாயை ஒரு சாதாரண மரப்பெட்டித் தாங்கியில் உட்கார வைத்திருப்பார்கள், கையால் தள்ளித் திருப்பலாம், மோட்டாரும் இல்லை தலைவலியும் இல்லை. டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை, நாம் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம்: 1200 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48. குறி பார்க்க மேலே பொருத்தியிருக்கும் சின்னத் தேடு குழலைப் பகலிலேயே தூரத்துக் கோபுரமோ மரமோ பார்த்துச் சரிசெய்து வையுங்கள், இரவில் அதோடு போராடித்தான் பலர் வெறுத்துப் போகிறார்கள். டெலஸ்கோப்பை வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் குளிர விடுங்கள். 30 மடங்கிலேயே சனியின் வளையம் தெரியும். 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்தது, அதிலிருந்து வருடா வருடம் விரிந்துகொண்டே போய் 2032 வாக்கில் அகலமாகத் தெரியும். ஒவ்வொரு வருடமும் ஒரு படம் வரைந்து வைத்தால் அழகான தொடர் கிடைக்கும்.

தேதி சொல்லி வருகிறவை

எரிநட்சத்திரப் பொழிவுதான் எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் கருவியே தேவையில்லை. வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசுப் பாதைக்குள் பூமி வருடந்தோறும் அதே தேதியில் நுழைகிறது, மணல் பருமன் துகள்கள் காற்றில் எரிந்து கோடு போடுகின்றன. ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் பெர்சீட்ஸ், டிசம்பர் 14 ஒட்டி ஜெமினிட்ஸ். ஜெமினிட்ஸுக்கு மூலம் வால்நட்சத்திரம் இல்லை, ஃபேத்தன் என்கிற குறுங்கோள். பெர்சீட்ஸ் நொடிக்கு 59 கிலோமீட்டர், சரேலென்று போய்விடும். ஜெமினிட்ஸ் 35தான், நிதானமாக வானத்தில் இழுத்துக்கொண்டு போவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தெற்கே இருப்பவர்களுக்கு மே 5, 6 ஒட்டி வரும் ஈட்டா அக்வேரிட்ஸ் நல்லது, அது ஹாலியின் தூசு. ஹாலி வால்நட்சத்திரம் 1986இல் வந்துபோனது, அடுத்து 2061. அதுவரை அதன் தூசையாவது வருடா வருடம் பார்க்கலாம்.

மணிக்கு 120, 150 என்று செய்தியில் போடுகிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முழு இருட்டு, பொழிவின் மையம் (கோடுகள் எல்லாம் புறப்படுவது போலத் தோன்றும் புள்ளி) நேர் உச்சியில் என்று வைத்துப் போடும் கணக்கு அது. சாதாரண இடத்தில் அதில் பாதி கிடைத்தாலே நிறைவு. முதலில் நிலவு இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2026 ஆகஸ்ட் 12 அன்று சூரிய கிரகணம் என்பதால் அன்று அமாவாசை என்று அர்த்தம், ஆக அந்த வருடப் பெர்சீட்ஸுக்கு நிலவுத் தொல்லை இல்லை. பெரும்பாலான பொழிவுகளுக்கு நள்ளிரவுக்கு மேல்தான் நல்லது, அப்போதுதான் நாம் நிற்கும் பக்கம் பூமி ஓடுகிற திசையை நோக்கித் திரும்பும். மையத்தையே வெறிக்காமல் மல்லாக்கப் படுத்து வானத்தின் பெரிய பரப்பைப் பாருங்கள். பத்து நிமிடம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரே நிமிடத்தில் மூன்று வரும். ஒரு மணி நேரமாவது இருங்கள்.

சந்திர கிரகணத்துக்கு எந்தக் கண்ணாடியும் வேண்டாம், வெறும் கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம். நிலவின் மேல் ஏறும் நிழலின் விளிம்பு வளைந்திருப்பதைக் கவனியுங்கள், பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் அது ஒன்று. முழுதும் மூடியதும் நிலவு கறுக்காமல் செம்பு நிறமாகும். பூமியைச் சுற்றியிருக்கும் காற்று சூரிய ஒளியை வளைத்து உள்ளே அனுப்புகிறது, நீலம் வழியில் சிதறிப்போய் சிவப்பு மட்டும் போய்ச் சேர்கிறது. அந்த நேரத்தில் நிலவில் நின்று பார்த்தால் பூமியைச் சுற்றி ஒரு சிவந்த வளையம் தெரியும், பூமியின் எல்லா உதயமும் எல்லா அஸ்தமனமும் ஒரே வளையத்தில். நிறம் ஒவ்வொரு முறையும் மாறும். 1991இல் பினாடுபோ எரிமலை வெடித்துச் சாம்பலும் புகையும் மேலே போனதால் 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலவு கிட்டத்தட்டக் காணாமலே போனது. நிழலின் ஓரத்தில் மெல்லிய நீலப் பட்டை ஒன்று பைனாகுலரில் தெரியும், அது ஓசோனின் வேலை. 2028 டிசம்பர் 31 அன்று ஒரு முழுக் கிரகணம் இருக்கிறது. நிலவை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள், சுற்றியிருக்கும் வானத்தையும் பாருங்கள்: பௌர்ணமி வெளிச்சத்தில் மறைந்திருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சூரிய கிரகணம் வேறு விஷயம், அதில் விளையாட்டே கூடாது. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி மட்டும்தான். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகையேற்றிய கண்ணாடி எதுவும் ஆகாது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் ஆபத்து, குவிந்த வெயில் அதை எரித்துவிட்டு நேராகக் கண்ணுக்குள் போகும். வடிகட்டி எப்போதும் கருவியின் முன் முகப்பில்தான் இருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் மரத்தடிக்குப் போங்கள், இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, தரையெங்கும் நூறு பிறைச் சூரியன்கள் விழுந்து கிடக்கும். 2027 ஆகஸ்ட் 2 அன்று தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, எகிப்து வழியாக ஒரு முழுக் கிரகணம் போகிறது, லக்ஸர் பக்கத்தில் ஆறு நிமிடத்துக்கும் மேல் இருட்டு. வாழ்நாளில் ஒருமுறையாவது முழு மறைப்புக்குள் நிற்க வேண்டும் என்று ஆசை உள்ளவர்கள் திட்டமிடலாம், 99 சதவீதம் மறைவதும் 100 சதவீதம் மறைவதும் ஒன்றில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையம் தினசரிக் கூத்து. சுமார் 400 கிலோமீட்டர் உயரம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. மாலையிலோ விடியலிலோ மினுக்காமல், சத்தமில்லாமல், வெள்ளிக் கோளைப் போல எரிந்துகொண்டு நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடக்கும். சிவப்பு விளக்கு மினுக்கினால் அது விமானம். சில மாலைகளில் நடு வானத்திலேயே மங்கி ஆரஞ்சாகி அணைந்துபோகும். அது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது, உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நொடியில் சூரியன் அஸ்தமித்தது. உங்கள் ஊருக்கு எப்போது என்று ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் கிடைக்கும்.

ஒரு தேதியை இப்போதே குறித்து வையுங்கள்: 2029 ஏப்ரல் 13. அபோஃபிஸ் என்கிற, முந்நூறு மீட்டருக்கும் பெரிய குறுங்கோள் பூமியிலிருந்து 32,000 கிலோமீட்டர் தூரத்தில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களைவிட அருகில், கடந்து போகும். மோதாது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியப் பகுதிகளில் வெறும் கண்ணுக்கே ஒரு நட்சத்திரம் நகர்வது போலத் தெரியும்.

தேதி சொல்லாமல் வருகிறவை

வால்நட்சத்திரங்களில் பெரியவை சொல்லிக்கொண்டு வருவதில்லை. 1997இல் ஹேல்-பாப், 2020இல் நியோவைஸ், 2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் எல்லாம் வருவதற்குச் சில மாதமோ ஓரிரு வருடமோ முன்னால்தான் கண்டுபிடிக்கப்பட்டன. வந்தால் முதல் தெளிவான நாளே போய்விடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டு மேகத்தில் தவறவிட்டவர்கள் நிறைய.

ஆனால் பழகிய கண்ணுக்கு உண்மையான பரிசு மாறும் நட்சத்திரங்கள்தான். பெர்சியஸ் கூட்டத்தில் அல்கோல் என்று ஒன்று, 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கித் திரும்பும். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, மங்கலானது முன்னால் வரும்போது பிரகாசமானதை மறைக்கிறது. மங்கி மீள மொத்தம் சுமார் 10 மணி நேரம், ஆக ஒரே இரவில் இறக்கத்தையோ ஏற்றத்தையோ பார்த்துவிடலாம், பக்கத்து நட்சத்திரங்களோடு அரை மணிக்கு ஒருமுறை ஒப்பிட்டால் போதும். 1783இல் இந்தக் காலக்கணக்கைத் துல்லியமாகச் சொல்லி, ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது என்ற விளக்கத்தையும் முன்வைத்தவர் ஜான் குட்ரிக். காது கேளாத இளைஞர், வயது 18. வெறும் கண்ணால் இரவு இரவாகப் பார்த்துச் செய்த வேலை அது, 21 வயதில் இறந்துபோனார். இன்றைக்கும் உங்கள் மதிப்பீடுகளுக்கு உபயோகம் உண்டு: 1911இல் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ என்ற அமைப்பு உலகம் முழுவதிலுமிருந்து பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள் அனுப்பும் கணக்குகளைச் சேர்த்து வைக்கிறது, ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். மேயிலிருந்து ஆகஸ்டு வரைக்கும் மாலையில் சுவாதியைப் பிடியுங்கள், அங்கிருந்து வடகிழக்கே பிரகாசமாகத் தெரியும் அபிஜித்துக்கு, அதாவது வேகாவுக்கு, மனதில் ஒரு கோடு போடுங்கள். சுவாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் போனதும் கவிழ்த்த வளையல் துண்டு மாதிரி அரை வட்டமாக ஏழு நட்சத்திரம். அதுதான் வடமகுடம். அதில் பிரகாசமான ஒன்று இருக்கும், அதைவிட்டுக் கிழக்கே எண்ணினால் மூன்றாவது நட்சத்திரம் வரும், அதற்கு வெளிப்பக்கமாக ஒரு சுண்டுவிரல் அகலம் தள்ளி டி கொரோனே பொரியாலிஸ் என்கிற நட்சத்திரம் இருக்கிறது. சுமார் 3,000 ஒளியாண்டு தூரம். ஒரு வெள்ளைக் குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம், பக்கத்துச் சிவப்பு நட்சத்திரத்திலிருந்து பொருளை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய 80 வருடத்துக்கு ஒருமுறை வெடித்துத் தள்ளும். 1866இல் வெடித்தது, 1946இல் வெடித்தது, அடுத்த வெடிப்புக்காகத்தான் வானியலாளர்கள் காத்திருக்கிறார்கள். வெடித்தால் அந்த மகுடத்தின் பிரகாசமான நட்சத்திரத்துக்குச் சமமாகச் சில நாள் வெறும் கண்ணுக்குத் தெரியும், அப்புறம் மறைந்துவிடும். மற்ற நாட்களில் அந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. வானம் தெளிவாக இருக்கும் ஒரு இரவில் வெளியே போய், அரை மணி நேரம் கண்ணைப் பழக்கி, அந்த ஒன்றுமில்லாத இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.